ஊர் மாறினால் போதுமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் இனிய நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.

நாம் ஆலிமல்ல. மதரஸாவில் ஓதியதும், தமிழ்த் தொடக்கப் பள்ளியில் ஆறு வருஷம் படித்ததுமே நம் கல்வி. மற்றதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றது. ஆகவே இதனை ஒரு வியாபாரி மற்ற வியாபாரிகள் முன் விரித்துக் காட்டும் கணக்குப் புத்தகமாகக் கொள்ள வேண்டுகிறோம். சங்கக் கூட்டங்களுக்கு வரும்போதெல்லாம் சகோதரர்கள் நம்மைத் தனியே அழைத்து, "கோலாலம்பூர்க் கடையை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்காகத் தைப்பிங் போனீர்களே, பிள்ளைகள் நன்றாக வருகிறார்களா? நாங்களும் அப்படிச் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இல்லை. எனவே வரவையும் செலவையும் ஒளிக்காமல் இங்கே எழுதுகிறோம்.

2019-ம் ஆண்டில் ஒரு நாள் நமக்குக் கடுங்காய்ச்சல். கடைக்குப் போகாமல் உள்ளறையில் போர்த்திப் படுத்திருந்தோம். அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவர் கதவைத் தட்டி, "அத்தா இருக்காரா தம்பி?" என்று கேட்டார். கதவைத் திறந்த நம் இளைய மகனுக்கு அப்போது ஏழு வயது. "அத்தா கடையில இருக்காங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை. நாம் படுத்திருப்பதைக் காலையில் தன் கண்ணால் பார்த்தவன்தான். ஆனால் "அத்தா எங்கே?" என்ற கேள்விக்கு அவன் வாய்க்கு வேறு பதில் பழகவில்லை. காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிட்டது. அந்தச் சொல் இன்றுவரை இறங்கவில்லை.

அப்போது நமக்கு ஜாலான் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு சிறு ஜவுளிக் கடை இருந்தது. 1863-ம் ஆண்டு முதல் நம் முன்னோர் தொழுது வந்த பள்ளிவாசலின் பாங்கொலி கேட்கும் தூரம். கைலி, சொங்கோக், தெலெகோங், முசல்லா இவையே நம் சரக்கு. காலை ஒன்பதரைக்குத் திறந்தால் இரவு பத்துக்குத்தான் அடைப்போம். நோன்பு மாதத்திலோ நள்ளிரவையும் தாண்டும். பிள்ளைகள் எழுவதற்குமுன் புறப்பட்டு, அவர்கள் உறங்கியபின் வீடு திரும்பிய நாட்களே அதிகம். பிறர் தொழுவதற்கு ஆயிரக்கணக்கில் முசல்லா விற்றோம். நம் பிள்ளையோடு ஒரு ஸஃப்பில் நின்ற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சகோதரர்களே! நம் பாட்டனார் ரஜூலாக் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து பினாங்கில் இறங்கியவர். நம் அத்தாவையும் பாட்டியையும் ஊரில் விட்டுவிட்டு வந்தார். அத்தா பதினாறு வயது ஆகும்வரை தம் தகப்பனாரை நான்கு முறைதான் கண்ணால் பார்த்தார்களாம். மணியார்டரும் கடிதமுமே தகப்பன். ஆனால் அந்தக் கடிதம் ஒவ்வொன்றிலும், "பிள்ளை ஓதுகிறானா, தொழுகிறானா?" என்ற விசாரணை தவறாமல் இருக்குமாம். அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே கடல் கிடந்தது, வேறு வழியில்லை. நமக்கு என்ன இருந்தது? ஒரே கூரை, ஒரே வாசல். அப்படியிருந்தும் அந்தக் கடிதத்தில் இருந்த விசாரணைகூட நம்மிடம் இல்லாமற் போயிற்று. கடலை நாமே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

இஃதிவ்வாறிருக்க, 2020-ம் ஆண்டு மார்ச் 18-ம் தேதி நாடு முழுதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அடுத்த மாதம் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துக்கு இன்னும் கடுமையான அடைப்பு வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வருஷ ரமலானில் பள்ளிவாசல்களும் மூடியிருந்தன. வீட்டிலேயே தராவீஹ் தொழுதோம். ஒரு நாள் மூத்த மகனை முன்னே நிறுத்தித் தொழவைக்கச் சொன்னோம். பத்து வயதில் குர்ஆன் ஓதி முடித்தவன் அவன். ஹத்தம் செய்தபோது தெருவுக்கெல்லாம் இனிப்பு வழங்கினோம். இப்போது பதினாறு வயது. ஃபாத்திஹாவைத் தட்டுத் தடுமாறி ஓதினான். அடுத்த சூராவில் நின்றுவிட்டான். பின்னால் நின்ற நாம் எடுத்துக்கொடுத்தோம். மீண்டும் நின்றான். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்தபின் அவன் நம் முகத்தைப் பார்க்கவில்லை. நாமும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு வருஷமாக அவன் ஓதாதிருந்ததை அறியாத தகப்பன், அன்றாட விற்பனையைக் காசு பிசகாமல் அறிந்திருந்தான்!

அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் ஊர் மாறும் யோசனை. நம் வீட்டாரின் தாய்மாமன் ஒருவர் தைப்பிங்கில் நெடுங்காலம் ஜவுளிக் கடை நடத்தியவர். முதுமையால் அதனைக் கைமாற்ற விரும்பினார். 2021-ம் ஆண்டு இறுதியில் நாம் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

தைப்பிங்கைக் காணாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். மலை அடிவாரத்து ஊர். மழை மிகுந்த ஊர். ஒரு காலத்தில் லாருட் என்று பெயர் வழங்கிய அந்த வட்டாரத்தில் ஈயச் சுரங்கங்களுக்காகக் கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சீனக் கூட்டத்தார் வருஷக் கணக்கில் வெட்டி மடிந்தார்கள். 1874-ல் பங்கோர் உடன்படிக்கை ஏற்பட்டுச் சண்டை ஓய்ந்தபின், பேரமைதி என்று பொருள்படும் சீனச் சொல்லே அவ்வூருக்குப் பெயராயிற்று. ஈயம் தோண்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட குழிகளில் நீர் தேங்கிக் கிடந்தது. 1880-ம் ஆண்டில் அந்த ஈயக்குட்டைகளையே திருத்திப் பூங்காவாக்கினார்கள். இன்று ஊருக்கு அழகாய் விளங்கும் ஏரி அதுதான். கரையோரத்தில் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைக் கடந்து கிளை நீட்டி நீரைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

இந்த ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்ததும் நம் வேலை முடிந்துவிட்டதென்று நினைத்தோம். காற்று நல்லது, தெரு அமைதி, பள்ளிவாசல் பக்கம், வாடகை குறைவு. இனிப் பிள்ளைகள் தாமாகவே நல்லவர்களாகிவிடுவார்கள் என்று நம்பினோம். அதுவே நாம் செய்த பெரும் பிழை.

முதல் வருஷம் நடந்ததைக் கேளுங்கள். கடையை ஏழு மணிக்கே அடைத்துவிடலாம், வாடிக்கை அவ்வளவுதான். ஆனால் அடைத்தபின் நாம் என்ன செய்தோம்? பட்டணத்து மொத்த வியாபாரிகளோடு கைப்பேசியில் பேச்சு. சாயாக் கடையில் உட்கார்ந்து இரவு பத்துவரை ஊர்க்கதை. விற்பனை குறைந்ததே என்ற கவலையில், அடுத்த ஊரில் இன்னொரு கடை பார்க்க ஞாயிற்றுக்கிழமை தோறும் அலைச்சல். பிள்ளைகள் வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசியோடு. ஏரி வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அந்த வருஷத்தில் பிள்ளைகளை நாம் அங்கே அழைத்துப்போனது இரண்டு முறை. இரண்டும் பட்டணத்திலிருந்து விருந்தாளிகள் வந்தபோது!

ஒரு நாள் இரவு சாயாக் கடையிலிருந்து திரும்பியபோது நம் வீட்டார் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "ஊரை மாத்திட்டீங்க. கடிகாரத்தை மாத்தலையே." அவ்வளவுதான். வேறெதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு நமக்கு மதரஸாவில் முதல் ஹதீஸாக ஓதிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. செயல்கள் எல்லாம் நிய்யத்தைப் பொறுத்தவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவிக்கிறார்கள். அல்லாஹ்வுக்காகவும் ரஸூலுக்காகவும் ஹிஜ்ரத் செய்தவருக்கு அந்தக் கூலி. உலக லாபத்துக்காக ஊர் விட்டவருக்கு அந்த லாபமே கணக்கு. ஒரே பாதை, ஒரே ஒட்டகம், ஒரே தூரம். கூலி மட்டும் வேறு! பிள்ளைகளுக்காக வந்தோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டோம். நெஞ்சைத் திறந்து பார்த்தால், குறைந்த வாடகையும், நாலு பேர் நம்மை மெச்சுவதுமே அங்கே பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

சகோதரர்களே! பிள்ளை வளர்ப்புக்காகப் பட்டணத்தை விட்டு வெளியே போவது புதிய வழக்கமன்று. மக்கமா நகர் வியாபாரப் பட்டணம். யாத்திரிகரும் வணிகரும் வந்துகூடும் இடம். குறைஷிகள் தங்கள் கைக்குழந்தைகளை நல்ல காற்றுக்காகவும் தூய அரபு மொழிக்காகவும் பாலைவனத்துக் கோத்திரங்களிடம் அனுப்பி வளர்த்தார்கள். நம் நாயகமும் அவ்வாறே பனூ ஸஅத் கோத்திரத்து ஹலீமா அம்மையாரிடம் வளர்ந்தார்கள். இதனை மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். பாலைவனம் நாயகத்தை வளர்க்கவில்லை. ஹலீமா அம்மையார் வளர்த்தார்கள். பாலூட்டவும் மடியில் வைத்துக்கொள்ளவும் ஓர் ஆள் அங்கே இருந்தார்கள். ஆளில்லாத வீட்டில் நல்ல காற்று வீசி என்ன பயன்?

இன்னொன்றையும் பாருங்கள். இப்ராஹீம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தம் குடும்பத்தைப் பயிர்பச்சை இல்லாத பள்ளத்தாக்கில் குடியமர்த்திவிட்டு அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். அந்த துஆ, சூரா இப்ராஹீமில் இருக்கிறது. அதன் வரிசையை ஊன்றிப் பாருங்கள். முதலில் தொழுகை: அவர்கள் அதனை நிலைநிறுத்த வேண்டும் என்பதற்காகவே அங்கே அமர்த்தியதாகச் சொல்கிறார்கள். அடுத்து மனிதர்: ஜனங்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய வேண்டும். கடைசியிலேதான் கனிகள், அதாவது பிழைப்பு. நாமோ ஓர் ஊருக்குப் போக நினைத்தால் முதலில் கேட்பது, "கடை ஓடுமா?" அடுத்து, "வாடகை என்ன?" தொழுகையும் ஓதலும் நம் வரிசையில் எங்கே வருகின்றன? நாம் தைப்பிங் வந்தபோது வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருந்தோம்.

நிற்க. அடுத்த நாள் நாம் செய்தது மிகச் சிறிய காரியம். கடைக் கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டோம்: மஃரிபு முதல் இஷா வரை கடை இல்லை, பேச்சு இல்லை, கைப்பேசி இல்லை. அந்த நேரம் பிள்ளைகளோடு பள்ளிவாசலில். திரும்பியபின் இஷா வரை வீட்டில் ஓதல். இளையவன் ஓதுவான், நாம் கேட்போம். நாம் ஓதுவோம், அவன் பிழை பிடிப்பான். நம் தஜ்வீது பழுதென்று கண்டுகொண்டதில் அவனுக்குப் பெருமகிழ்ச்சி! இஷாவுக்குப் பின் எல்லோரும் ஒரே சஹனில் சோறு. ஞாயிறன்று சுப்ஹுத் தொழுதுவிட்டு ஏரியைச் சுற்றி நடை.

லுக்மான் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசம் திருக்குர்ஆனில் இருக்கிறது. இணை வைக்காதே என்பதில் தொடங்கி, தொழு, பொறுமை கொள், பெருமையடித்து நடக்காதே, குரலைத் தாழ்த்து என்பது வரை போகிறது. இதனை எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். நடக்கும் நடையையும் பேசும் குரலையும் பற்றி ஒரு தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமானால், மகன் நடப்பதைக் கூடநடந்து பார்த்திருக்க வேண்டும். பேசுவதை உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். இது ஏரிக்கரையில் நடந்தபோதுதான் நமக்கு விளங்கிற்று.

ஒரு நாள் அந்திப் பொழுதில் ஏரிப் பக்கமாக வந்துகொண்டிருந்தோம். தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மடிந்துகொண்டிருந்தன. இளையவன் நிமிர்ந்து பார்த்து, "அத்தா, மரமும் மஃரிபுக்குக் கடை அடைக்குது" என்றான். நாம் பதில் சொல்லவில்லை. "அத்தா கடையில இருக்காங்க" என்ற அதே வாய்!

வரவைச் சொன்னோம், செலவையும் சொல்ல வேண்டுமன்றோ?

விற்பனை பட்டணத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. வாடகையும் குறைந்ததால் கடன்படாமல் ஓடுகிறது. மிச்சம் பிடிப்பது அபூர்வம். பயம் வரும்போதெல்லாம் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நினைத்துக்கொள்கிறோம். மக்கத்துச் செல்வத்தை விட்டு மதீனா வந்தவர்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைக் கொடுக்க முன்வந்தும், அவருக்கு துஆச் செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். அல்லாஹ் பரக்கத் செய்தான். ரிஸ்க்கு ஒரு தெருவோடு கட்டிப்போட்டது அல்ல என்பதற்கு வியாபாரிகளாகிய நமக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பதின்மூன்று வயதில் தோழிகளைப் பிரிந்து வந்த மகள் ஆறு மாதம் நம்மோடு சரியாகப் பேசவில்லை. நாம் அவளிடம் கேட்காமலே முடிவு செய்திருந்தோம். அது தவறென்று அவளிடமே ஒப்புக்கொண்டோம். ஊர் மாற எண்ணும் சகோதரர்கள், வளர்ந்த பிள்ளைகளிடம் முன்பே கலந்து பேசுங்கள். இப்ராஹீம் நபியவர்கள் அல்லாஹ்வின் கட்டளையைக் கனவில் கண்டபோதுகூட மகனிடம், உன் அபிப்பிராயம் என்னவென்று கேட்டார்களே!

மார்க்கத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும் ஹஜ்ரத் நம் வீட்டருகே கிடைக்கவில்லை. இளையவன் மலாய்ப் பிள்ளைகளோடு ஓதுகிறான், நல்லதுதான். தமிழை வீட்டில் நாமே எழுத வைக்கிறோம்.

மிகப் பெரிய செலவு மூத்தவன் கணக்கில் இருக்கிறது. நாம் குடிபெயர்ந்தபோது அவனுக்குப் பதினேழு. படிப்புக்காகச் சிற்றப்பா வீட்டில் கோலாலம்பூரிலேயே தங்கிவிட்டான். மின்சார ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் பெருநாளுக்கு மட்டும் வருவான். மரியாதைக்குக் குறைவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான். தானாக ஒன்றும் சொல்லமாட்டான். ஏழு வயதில் ஏரிக்கரையில் கொடுத்திருக்க வேண்டியதை இருபது வயதில் பணமாக அனுப்பினால் அது வேறு சரக்காகிவிடுகிறது. ஒவ்வொரு வெள்ளி இரவும் நாமே கைப்பேசியில் அழைத்து, அவன் ஒரு சூரா ஓத நாம் கேட்கிறோம். சில வாரம் எடுப்பான். சில வாரம் எடுக்கமாட்டான். எடுக்காத வாரம் அவனுக்காக நாம் ஓதிவிட்டுப் படுக்கிறோம். தகப்பன் பிள்ளைக்குச் செய்யும் துஆவை அல்லாஹ் தள்ளுவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் தந்த நம்பிக்கையில் காத்திருக்கிறோம்.

ஆகவே, "நாங்களும் வரலாமா?" என்று கேட்ட சகோதரர்களுக்கு நம் பதில் இதுதான். வாருங்கள், முடிந்தால். ஆனால் ஊர் மாறுவதற்குமுன், இருக்கும் ஊரிலேயே கடிகாரத்தை மாற்றிப் பாருங்கள். அங்கே மாறாதது இங்கே வந்தாலும் மாறாது. அங்கே மாறிவிட்டால், நீங்கள் வரவேண்டிய அவசியமே இல்லாமற் போகலாம்.

பட்டணத்தை விட முடியாதவர்களே நம்மில் அதிகம். அவர்களுக்கும் நம் சங்கத்துக்கும் மூன்று யோசனைகள்:

ஒன்று: வாரத்தில் ஒரு நாளாவது மஃரிபுக்குக் கடையைச் சிப்பந்தியிடம் ஒப்படைத்துவிட்டு, இஷா வரை பிள்ளைகளோடு இருங்கள். அந்த நேரத்தில் போகும் வியாபாரம் உண்மையில் எவ்வளவு என்று மூன்று மாதம் கணக்கு எழுதிப் பாருங்கள்.

இரண்டு: பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். இன்று உங்கள் கடையை நாம் பார்க்க, நாளை நம் கடையை நீங்கள் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் நம்பிச் சரக்கையே கடன் கொடுக்கிறோம். ஒன்றரை மணி நேரம் கொடுக்கமாட்டோமா?

மூன்று: ஓதி முடித்த பிள்ளைகளுக்கு ஹத்தம் நடத்தி இனிப்பு வழங்குவதோடு நில்லாமல், ஆண்டுக்கு ஒரு முறை தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஓதும் மஜ்லிஸ் ஒன்றைச் சங்கம் கூட்டட்டும். பரிசு வேண்டாம். தகப்பன் தன் பிள்ளை ஓதுவதைக் கேட்பதே போதும்.

ஈயத்தை எடுத்துவிட்டுக் கைவிட்ட குழியை அல்லாஹ் ஏரியாக்கிக் காட்டினான். ஆனால் அதற்கு மனிதர் இறங்கி மண்ணைத் திருத்த வேண்டியிருந்தது, மரம் நடவேண்டியிருந்தது, நட்டவர்கள் நிழலைக் காணாமலே போயிருக்கலாம். நாம் தோண்டிய குழி நம் வீட்டில் இருக்கிறது. இன்றைக்கே இறங்குவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தையும், அதனை நேரத்தோடு அடைக்கும் தைரியத்தையும் தருவாயாக! நாங்கள் கைநழுவவிட்ட பிள்ளைகளை உன் கையில் பிடித்துக்கொள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.